ஸ்டாஃப்ரூம் டார்ச்சர், பாகுபாடு: டீச்சர்ஸ் திரும்பத் திரும்ப கேக்கற கேள்விகள்

மெட்ரிக் பள்ளியில 11 வருஷம், அதுக்கப்புறம் உதவிபெறும் பள்ளியில 8 வருஷம் ஓட்டியாச்சு. ஒரு தோழிக்காக ரெண்டு வருஷம் கல்வி அலுவலகம், வக்கீல் ஆபீஸ்னு அலைஞ்சதுல கொஞ்சம் சட்டம் கத்துக்கிட்டேன், அது வெளிய தெரிஞ்சதுல இருந்து வாய்ஸ் மெசேஜ் நிக்கவே இல்ல. ராத்திரி பத்து மணிக்கு அழுதுகிட்டே அனுப்புவாங்க, கேள்வி மட்டும் அதே பத்து இருபதுதான் சுத்திச் சுத்தி வரும். அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன். நான் வக்கீல் இல்ல, டீச்சர்தான். கேஸ்னு போறப்ப வக்கீல கேட்டுக்கங்க.

ஹெச்எம் கண்டிப்பா இருந்தாலே அது புல்லியிங்கா மிஸ்?

இல்ல. லேட்டா வந்தா ஏன் லேட்டுன்னு கேக்கறது, நோட்ஸ் ஆஃப் லெசன் எழுதலன்னா எழுதுன்னு சொல்றது, ரிசல்ட் குறைஞ்சா ஏன்னு உக்கார வச்சு பேசறது, இதெல்லாம் அவங்க வேலை. நமக்குப் பிடிக்காது, அது வேற விஷயம்.

நான் பார்க்கறது ரெண்டே ரெண்டு. ஒண்ணு, அதே தப்புக்கு எல்லாருக்கும் அதே பேச்சா, இல்ல ஒருத்தருக்கு மட்டும் தனி அளவுகோலா. இன்னொண்ணு, தப்ப திருத்தறதுக்காக சொல்றாங்களா, இல்ல நாலு பேர் முன்னாடி கூனிக் குறுக வைக்கவா. ரூமுக்குக் கூப்பிட்டு "மார்க் என்ட்ரி தப்பா இருக்கு"ன்னா கண்டிப்பு. பசங்க முன்னாடி கிளாஸ் வாசல்ல நின்னு "உன்ன எவன் பாஸ் பண்ண வச்சான்"ன்னா அது வேற. அது மாசக்கணக்கா தொடர்ந்து ஒரே ஆள் மேலயே நடக்குதுன்னா சந்தேகமே வேணாம்.

யாரும் திட்டறதில்ல, அடிக்கறதில்ல, ஆனா டைம்டேபிள வச்சே கொல்றாங்க, இத எப்படி சொல்றது?

நம்ம ஃபீல்டுல பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும், வெளிய இருக்கறவங்களுக்கு இது புரியவே புரியாது. மத்தவங்களுக்கு வாரம் 28 பீரியட், உங்களுக்கு 36. ப்ரீ பீரியட் வர்ற நேரம் பார்த்து சப்ஸ்டிட்யூஷன் நோட்டுல (லீவு போட்டவங்க கிளாஸுக்கு யாரு போகணும்னு எழுதற நோட்டு) உங்க பேரு. பத்து வருஷம் பிளஸ் டூ எடுத்தவங்கள திடீர்னு ஆறாவதுக்கு இறக்கறது, எந்த செக்‌ஷன் பசங்கள யாரும் எடுக்க மாட்டாங்களோ அதக் குடுத்துட்டு மார்ச்ல ரிசல்ட் எங்கன்னு கேக்கறது, மே மாசம் வெயில்ல அட்மிஷன் கேன்வாசிங்குக்கு எப்பவும் நீங்களே. ஸ்டாஃப் மீட்டிங் இருக்கறதே மறுநாள்தான் தெரியும்.

ஒவ்வொண்ணா எடுத்துச் சொன்னா "இதெல்லாம் ஒரு மேட்டரா"ன்னு ஆயிடும். அதனால ஒவ்வொண்ணா சொல்லாதீங்க. டைம்டேபிள போட்டோ எடுங்க, சப்ஸ்டிட்யூஷன் நோட்ட தினமும் போட்டோ எடுங்க, ரெண்டு மாசம் கழிச்சு எண்ணுங்க. நம்ம தோழி விஷயத்துல 41 வேலை நாள்ல 33 நாள் அவங்க பேரு வந்திருந்துச்சு, அதே டிபார்ட்மென்ட்ல இன்னொருத்தருக்கு 6. அந்த ஒரு பேப்பர பார்த்ததும் கல்வி அலுவலகத்துல இருந்தவர் நிமிர்ந்து உக்காந்தாரு, அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் அழுது சொன்னப்ப அவரு ஃபைல்தான் புரட்டிக்கிட்டு இருந்தாரு.

புல்லியிங்குக்குன்னு தனிச் சட்டம் இருக்கா?

வேலை செய்ற இடத்துல நடக்கற புல்லியிங்குக்குன்னு ஒரே சட்டம் நம்ம நாட்டுல இல்ல. அதனால நடந்தது எந்த வகைன்னு பிரிச்சுக்கணும். பாலியல் தொல்லைன்னா 2013 சட்டம். சாதி சொல்லி அவமானம்னா 1989 வன்கொடுமை தடுப்புச் சட்டம். மிரட்டல்னா பாரதிய நியாய சன்ஹிதாவுல 351. மாற்றுத்திறனாளின்னா 2016 சட்டம். தனியார் பள்ளின்னா அதுக்கு மேல தமிழ்நாடு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2018 இருக்கு, 1973 சட்டத்துக்குப் பதிலா வந்தது, விதிகள் 2023லதான் வந்துச்சு. இதுல எதுலயும் சேராத வெறும் டார்ச்சர்தான் கஷ்டமான கேஸ், அதுக்கு மேல சொன்ன எண்ணிக்கைதான் கை குடுக்கும்.

வாயால திட்டிட்டு எழுத்துல ஒண்ணுமே குடுக்க மாட்டேங்கறாங்க, எப்படி ப்ரூவ் பண்றது?

அவங்க எழுத மாட்டாங்க, அது தெரிஞ்சதுதான, நீங்க எழுதுங்க. "இன்று 3வது பீரியட்டில் தாங்கள் வாய்மொழியாகக் கூறியபடி 10ஆம் வகுப்பை ஒப்படைத்துவிட்டேன், தகவலுக்காக" அப்படின்னு மரியாதையா ரெண்டு வரி மெயில் இல்ல வாட்ஸ்அப். அவங்க பதில் போடலன்னாலும் பரவால்ல, மறுக்கலல்ல. லெட்டர் குடுத்தா காப்பியில சீல், தேதி வாங்குங்க. வாங்க மாட்டேன்னு தள்ளினா போஸ்ட் ஆபீஸ் போயி ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க (பழைய பதிவுத் தபால் 2025ல அதோட சேந்துடுச்சு), டெலிவரி ஆனதுக்கான அத்தாட்சிய எடுத்து வைங்க, அது போதும்.

வீட்டுல ஒரு நோட்டு வைங்க. தேதி, நேரம், என்ன வார்த்தை சொன்னாங்க, யாரு பக்கத்துல இருந்தாங்க. அன்னிக்கே எழுதணும். ஆறு மாசம் கழிச்சு மொத்தமா உக்காந்து ஒரே பேனாவுல எழுதினத யாரும் நம்ப மாட்டாங்க. ஸ்கூல் கம்ப்யூட்டர்லயும் ஸ்கூல் மெயில்லயும் மட்டும் வைக்காதீங்க, ஒரு நாள் காலையில பாஸ்வேர்ட் மாத்திட்டாங்கன்னா போச்சு.

போன்ல ரெக்கார்ட் பண்ணலாமா?

நீங்களும் பேசற பேச்ச நீங்க ரெக்கார்ட் பண்றத கோர்ட்டுங்க பொதுவா சாட்சியா ஏத்துக்கிட்டுதான் வருது. நீங்க இல்லாத இடத்துல போன வச்சுட்டு வர்றது வேற, அத செய்யாதீங்க. கட் பண்ணாம, எடிட் பண்ணாம, ரெக்கார்ட் பண்ண அதே போன்ல அப்படியே இருக்கணும். கோர்ட்டுன்னு வந்தா அதுக்கு ஒரு சான்றிதழ் இணைக்கணும், வக்கீல் பாத்துக்குவாரு. தயவுசெஞ்சு ஸ்டாஃப் குரூப்ல போட்றாதீங்க, நல்லா இருந்த கேஸ கெடுத்துக்கிட்ட ரெண்டு பேர எனக்குத் தெரியும்.

மேனேஜ்மென்ட் நல்லாதான் இருக்கு, கூட வேலை செய்ற டீச்சர்ஸ்தான் என்ன ஒதுக்கறாங்க. இதுக்கும் புகார் குடுக்கலாமா?

குடுக்கலாம், ஆனா எதுக்குன்னு பாருங்க. உங்ககூட சாப்பிடல, பிறந்தநாளுக்குக் கூப்பிடலன்னு புகார் குடுக்க முடியாது, வலிக்கும்தான், ஆனா முடியாது. கொஸ்டின் பேப்பர் மாடரேஷன் தகவல மறைக்கறாங்க, நீங்க திருத்தின பேப்பர் காணாம போகுது, உங்களப் பத்தி பெற்றோர்கிட்ட தப்பா சொல்றாங்கன்னா அது வேலைய பாதிக்குது, அத மட்டும் எழுதிக் குடுங்க. ஒரு நல்ல ஹெச்எம்னா அங்கயே முடிச்சிடுவாங்க. ஹெச்எம் தெரிஞ்சும் கண்டுக்கலன்னா அப்ப அது ஹெச்எம் பிரச்சனையா மாறிடும்.

"சொந்த ஊரு எது, எந்தத் தெரு"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, தெரிஞ்சதுக்கப்புறம் டம்ளர் தனியா ஆயிடுச்சு. நான் அதிகமா யோசிக்கிறனா?

அதிகமா யோசிக்கல. ஊரு, தெரு, குலதெய்வம், கல்யாணத்துக்கு எந்த மண்டபம், இதெல்லாம் எதுக்குக் கேக்கறாங்கன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், கேக்கறவங்களுக்கும் தெரியும். பாடம் நடத்தறப்ப தீண்டாமை பெருங்குற்றம்னு புத்தகத்தோட முதல் பக்கத்த வாசிக்க வைக்கறோம், இன்டர்வல்ல வந்து டம்ளர தனியா வைக்கறோம்.

2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில ஒரு தலித் மாணவன சாதி வெறியில கூடப் படிக்கற பசங்களே வீடு புகுந்து வெட்டின சம்பவம் நடந்தப்புறம் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில அரசு ஒரு குழு போட்டுச்சு, 2024 ஜூன்ல அறிக்கை குடுத்தாங்க. பசங்க கையில கட்ற சாதிக் கயிறப் பத்தி மட்டும்தான் டிவியில பேசினாங்க, ஆனா அதுலயே ஒரு ஏரியாவுல எந்த சாதி அதிகமோ அந்த சாதிக்காரங்கள அங்க ஹெச்எம், கல்வி அதிகாரியா போடக்கூடாதுன்னும் பரிந்துரை இருந்துச்சு. அதாவது பிரச்சனை ஸ்டாஃப்ரூம்லயும் இருக்குன்னு எழுத்துலயே வந்தாச்சு.

டம்ளர் தனி, தண்ணிக் குடம் தனின்னா அது தீண்டாமை, அரசியல் சட்டம் 17வது பிரிவு, 1955 சிவில் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ரெண்டும் இருக்கு. பேசி ஆலோசனை கேக்கணும்னா 14566, வன்கொடுமை தொடர்பான தேசிய உதவி எண்.

ரூமுக்குள்ள கூப்பிட்டு சாதி பேர சொல்லித் திட்டினாரு. பிசிஆர் கேஸ் நிக்குமா?

நம்ம ஊர்ல எல்லாத்தையும் பிசிஆர்னு சொல்றோம், நீங்க சொல்றது 1989 வன்கொடுமை சட்டம், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கானது. இதுல ஒரு கண்டிஷன் இருக்கு, அவமானப்படுத்தினது பொதுமக்கள் பார்வையில படற இடத்துல நடந்திருக்கணும். திருச்சி மாவட்டத்து கேஸ் ஒண்ணு, ஒரு வருவாய் ஆய்வாளர அவரோட ஆபீசுக்குள்ள வச்சே சாதி சொல்லித் திட்டினாங்கன்னு. கூட வேலை செய்றவங்க அதுக்கு அப்புறம்தான் உள்ள வந்தாங்கங்கறதால 2025 ஜனவரியில உச்ச நீதிமன்றம் அந்த வழக்க ரத்து பண்ணிடுச்சு. அதனால நாலு சுவத்துக்குள்ள நீங்களும் அவரும் மட்டும்னா இந்தப் பிரிவு கஷ்டம். பிரேயர்ல, கிளாஸ் முன்னாடி, பெற்றோர் நிக்கறப்ப சொன்னாருன்னா நிலைமையே வேற.

புகார் குடுத்தா முன்கூட்டியே விசாரிச்சுட்டுதான் எஃப்ஐஆர் போடுவோம்னு ஸ்டேஷன்ல சொல்லக்கூடாது, 2018 திருத்தத்துலயே அது தேவையில்லன்னு வந்தாச்சு. டிஎஸ்பி லெவலுக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்கணும். ரூமுக்குள்ள நடந்ததுக்கு எழுத்துல குடுத்து வைங்க, அடுத்த தடவை வெளிய வச்சு சொல்லாம இருக்க மாட்டாங்க.

கரஸ்பாண்டன்ட் (தாளாளர்) பேச்சே சரியில்ல, ராத்திரி மெசேஜ் பண்றாரு, டபுள் மீனிங். தொடலையே, இது பாலியல் தொல்லையா?

ஆமா. தொடணும்னு அவசியமே இல்ல. 2013 சட்டத்துல பேச்சு, படம் காட்றது, விருப்பமில்லாத மெசேஜ், "சொன்னபடி நடந்தா இன்க்ரிமென்ட்"ங்கற ஜாடை எல்லாமே வரும். 10 பேருக்குக் குறையாம வேலை செய்ற பள்ளின்னா உள்புகார் குழு இருந்தே ஆகணும், தலைவர் ஒரு பெண், உறுப்பினர்ல பாதியாவது பெண்கள், வெளிய இருந்து ஒருத்தர். குழு இல்லன்னா 50,000 வரைக்கும் அபராதம்.

கடைசியா நடந்த சம்பவத்துல இருந்து 3 மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும், காரணம் இருந்தா இன்னொரு 3 மாசம் நீட்டிக்கலாம். இந்த தேதிதான் நிறைய பேருக்குத் தெரியாம போயிடுது, பரீட்சை முடியட்டும்னு தள்ளிப் போடறாங்க. விசாரணை 90 நாள்ல முடியணும். அதுவரைக்கும் லீவு, இடமாற்றம் கேட்டு வாங்கலாம், அதுவும் சட்டத்துலயே இருக்கு.

குழுவுல இருக்கறவங்க எல்லாம் அவரோட ஆளுங்கதான், அவரு சம்சாரம்தான் தலைவி. அங்க போயி என்ன சொல்றது?

இத ஒருத்தர் சொல்லல, ஒம்பது பேர் சொல்லியாச்சு. புகாருக்கு உள்ளானவரு முதலாளின்னா உள்குழுகிட்ட போகணும்னே இல்ல. மாவட்டத்துல உள்ளூர் புகார் குழு இருக்கு, கலெக்டர் ஆபீஸ் சமூக நலத்துறையில கேளுங்க, 10 பேர் கூட இல்லாத சின்ன நர்சரி பள்ளின்னாலும் அங்கதான். ஷீ-பாக்ஸ்னு மத்திய அரசு ஆன்லைன் வசதியும் இருக்கு. போலீசுக்குத் தனியாவும் போகலாம், குழுவுக்குப் போனா போலீஸ் கூடாதுன்னு எந்த விதியும் இல்ல. அவசரம்னா 181.

ப்ரூவ் பண்ணலன்னா உங்க மேலயே ஆக்‌ஷன்னு மிரட்டுவாங்க. நிரூபிக்க முடியலங்கறதுக்காக மட்டும் நடவடிக்கை எடுக்க முடியாதுன்னு அதே சட்டம் சொல்லுது, வேணும்னே பொய் சொன்னா மட்டும்தான்.

இன்டர்வியூவுலயே கல்யாணம் எப்ப, குழந்தை எப்பன்னு கேக்கறாங்க. கர்ப்பம்னு சொன்னதும் "இனிமே வராதீங்க"ன்னுட்டாங்க.

தனியார்ல முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை செஞ்சிருந்தாலே, முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு. அந்த லீவுல இருக்கறப்ப வேலைய விட்டு எடுக்கறது செல்லாது. அரசு டீச்சருக்கு 2021 ஜூலையில இருந்து 12 மாசம். "ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போங்க, குழந்தை பிறந்தப்புறம் சேத்துக்கறோம்"னு இனிக்க இனிக்கச் சொல்லுவாங்க, அந்தப் பேப்பர்ல மட்டும் கையெழுத்து போடாதீங்க. திரும்பி வந்தா ஃப்ரெஷ்ஷர் சம்பளம், சீனியாரிட்டி போச்சு.

சுடிதார் போட்டா ஹெச்எம் முறைக்கறாங்க, அரசுப் பள்ளிதான்.

2019லயே அரசு ஊழியர்களுக்கு புடவை, சல்வார், துப்பட்டாவோட சுடிதார்னு ஆணை வந்தாச்சு. அந்த ஆணைய பிரின்ட் எடுத்து டேபிள்ல வச்சிட்டு வாங்க. தனியார்ல அவங்க டிரெஸ் கோடுதான், அங்க சண்டை போடறதுக்கு இதவிட பெரிய விஷயங்கள் இருக்கு.

எனக்கு கால் முடியாது, வேணும்னே மூணாவது மாடியில கிளாஸ் போட்டிருக்காங்க.

இது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல நேரடியா வரும். தரைத்தளத்துல வகுப்பு வேணும்னு எழுத்துல கேளுங்க, மறுத்தா மாற்றுத்திறனாளிகள் நல மாநில ஆணையர்கிட்ட குடுக்கலாம். அரசுப் பணியில சேந்தப்புறம் ஊனம் ஏற்பட்டாலும் வேலைய விட்டு எடுக்கவோ பதவி இறக்கவோ முடியாது.

இதோட சேத்து, திருநங்கைகளுக்கு டீச்சர் வேலை குடுப்பாங்களான்னும் ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. ஜேன் கௌஷிக்னு ஒரு டீச்சர், உத்தரப்பிரதேசத்துல ஒரு பள்ளி, குஜராத்துல ஒரு பள்ளின்னு ரெண்டுலயும் வேலை பறிபோயி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. 2025 அக்டோபர்ல நஷ்டஈடு குடுக்கச் சொல்லி தீர்ப்பு வந்துச்சு, வேலையில சம வாய்ப்புக்கு கொள்கை உருவாக்க ஒரு குழுவும் போட்டாங்க. பள்ளிங்க மாறிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா காட்டறதுக்கு ஒரு தீர்ப்பு இருக்கு.

அரசுப் பள்ளி. கேள்வி கேட்டதுக்கு 17(பி) மெமோ வந்திருக்கு, கை காலெல்லாம் நடுங்குது.

முதல்ல தண்ணி குடிங்க. மெமோ வந்தா தண்டனை வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. இது அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகள்ல வர்ற நம்பர். 17(ஏ)ன்னா சின்ன தண்டனை, விளக்கம் வாங்கிட்டு முடிப்பாங்க. 17(பி)ன்னா பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு, அதனாலயே என்கொயரி ஆபீசர் போட்டு முறையா விசாரிக்காம ஒண்ணும் பண்ண முடியாது. எந்த ஆவணத்த வச்சு குற்றச்சாட்டுன்னு காப்பி கேளுங்க, அத வாங்காம பதில் எழுதாதீங்க, ஆனா குடுத்த தேதியயும் தாண்டாதீங்க, நேரம் வேணும்னா எழுதிக் கேளுங்க. பதில்ல கோபம் வேணாம், குற்றச்சாட்டுக்கு ஒவ்வொண்ணா பதில். மத்தவங்களுக்கு இதே தப்புக்கு என்ன பண்ணாங்கன்னு தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டிக் கேக்கலாம், 30 நாள்ல பதில் வரணும்.

டிவி, பேப்பர்னு போகாதீங்க, நடத்தை விதிகள் 1973 அத வச்சே இன்னொரு மெமோ வரும்.

ஒரே கிளாஸ், ஒரே சிலபஸ், பக்கத்து டீச்சருக்கு என்னவிட ரொம்ப அதிக சம்பளம். இதுவும் பாகுபாடுதான?

மனசாட்சிப்படி ஆமா. இடைநிலை ஆசிரியர்கள் கதை தெரிஞ்சதுதான், 2009 மே 31க்குள்ள சேந்தவங்களுக்கு அடிப்படை ஊதியம் 8,370, ஜூன் 1ல இருந்து சேந்தவங்களுக்கு 5,200. ஒரே நாள் வித்தியாசம், எத்தன உண்ணாவிரதம். 2012ல எடுத்த 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் 5,000 ரூபாயில ஆரம்பிச்சாங்க. இது அரசு முடிவு, ஹெச்எம்கிட்ட சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல, சங்கம் வழியாதான். ஆனா அந்த சம்பளத்த சொல்லிக் காட்டி "பார்ட் டைம்லாம் இங்க உக்காராதீங்க"ன்னு சொல்றது ஸ்டாஃப்ரூம் விஷயம், அதுக்கு முதல் கேள்வியோட பதில்தான்.

ரிசைன் பண்ணிட்டேன், ஒரிஜினல் சர்டிபிகேட்ட குடுக்க மாட்டேங்கறாங்க. லேபர் கோர்ட்டு போலாமா?

சர்டிபிகேட் அடமானப் பொருள் இல்ல, அத பிடிச்சு வைக்க யாருக்கும் உரிமை இல்ல. முதல்ல ஸ்பீட் போஸ்ட்ல லெட்டர், அப்புறம் மாவட்டக் கல்வி அலுவலர், அப்புறம் போலீஸ், பாதி பேருக்கு வக்கீல் நோட்டீஸ் போனதுமே வந்துடுது. சேர்றப்ப ஒரிஜினல் குடுத்தா ரசீது வாங்குங்க.

லேபர் கோர்ட்டுன்னா, டீச்சர் தொழிலாளி இல்லன்னு 1988லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஹைகோர்ட்ல ரிட் போடறதும் தனியார் பள்ளிக்கு எதிரா எப்பவும் நிக்காது, வெறும் வேலை ஒப்பந்தப் பிரச்சனைன்னா முடியாதுன்னு 2022ல தீர்ப்பு, சட்டமோ விதியோ மீறினதா இருந்தாதான். அதான் சிவில் கோர்ட்டா, கல்வி அதிகாரியா, ஹைகோர்ட்டான்னு வக்கீல கேட்டு முடிவு பண்ணணும். பெண்கள், எஸ்சி எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காம இலவச வக்கீல் உண்டு, 15100.

கிராஜுவிட்டி (பணிக்கொடை) மட்டும் விட்றாதீங்க. 5 வருஷம் முடிச்ச தனியார் பள்ளி டீச்சருக்கும் உண்டு, 1997 ஏப்ரல் 3ல இருந்து கணக்கு, பள்ளிங்க எதிர்த்துப் போட்ட கேஸும் 2022ல தோத்துப்போச்சு. கடைசி பேசிக்கும் அகவிலைப்படியும் சேத்து 18,000, சர்வீஸ் 9 வருஷம்னா, 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி 9ஆல பெருக்குங்க, 93 ஆயிரத்துச் சொச்சம். தொழிலாளர் துறையில கேக்கணும், இதுக்கு லேபர் ஆபீஸ்தான்.

பழிவாங்கறதுக்கு பசங்கள விட்டே என் மேல பெட்டிஷன் எழுத வைக்கறாங்க. என்ன பண்றது?

இதுதான் இருக்கறதுலயே மோசம். அந்தப் பசங்கள கூப்பிட்டு "யாரு எழுதச் சொன்னா"ன்னு கேக்கவே கூடாது, ஒரு வார்த்தை கேட்டாலும் மிரட்டினதா ஆயிடும். பெற்றோருக்கும் போன் போடாதீங்க. விசாரணை வேணும்னு நீங்களே எழுத்துல கேளுங்க, அன்னிக்கு எந்தெந்த பீரியட் எங்க இருந்தீங்கன்னு டைம்டேபிள், சிசிடிவி பதிவு பாதுகாக்கச் சொல்லிக் கேளுங்க, சிசிடிவி கொஞ்ச நாள்ல தானா அழிஞ்சிடும். குழந்தைங்க சம்பந்தப்பட்ட பாலியல் குற்றச்சாட்டுன்னா அன்னிக்கே வக்கீல்.

இன்னொண்ணும் சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. பசங்க எழுதின பெட்டிஷன் எல்லாமே யாரோ தூண்டினது இல்ல.

நான் இப்ப ஏஹெச்எம் (உதவித் தலைமையாசிரியர்). முன்னாடி எனக்கு என்ன பண்ணாங்களோ அதையே நான் பண்றனோன்னு பயமா இருக்கு.

சப்ஸ்டிட்யூஷன் நோட்ட எடுத்து நீங்களே எண்ணிப் பாருங்க. யாரு பேரு அதிகமா வருதோ அவங்க எதுத்துப் பேசாத ஆளா இருப்பாங்க. வேணும்னு செஞ்சிருக்க மாட்டீங்க, காலையில 8:40க்கு மூணு பேரு லீவுன்னா யாரு முனகாம போவாங்களோ அவங்க பேரத்தான் கை எழுதும். வரிசையா ரோட்டேஷன் போட்டு ஸ்டாஃப்ரூம் சுவத்துல ஒட்டிடுங்க.

புகார் குடுத்த டீச்சருக்கு சாட்சி சொன்னா என்னையும் சேத்து தூக்கிடுவாங்களா?

தூக்க முடியாட்டியும் பார்ப்பாங்க, பொய் சொல்ல மாட்டேன். அந்த வருஷ இன்க்ரிமென்ட் எனக்கு வரல. அதுக்கு முன்னாடி எட்டு மாசம் தோழி தனியா உக்காந்து சாப்பிட்டப்ப நானும் மத்தவங்க கூடத்தான் உக்காந்திருந்தேன், அத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.

சாட்சி சொல்றதுன்னா என்ன பார்த்தீங்களோ அத மட்டும் தேதியோட ஒரு பக்கம் எழுதுங்க. "அவங்க நல்லவங்க", "இவரு எப்பவுமே இப்படித்தான்" இதெல்லாம் வேணாம். பயமா இருந்தா ரெண்டு மூணு பேரு சேந்து, ஆனா தனித்தனி பேப்பர்ல, அவங்கவங்க வார்த்தையில எழுதி ஒரே நாள்ல குடுங்க, காப்பியில சீல் வாங்கிக்கங்க.